சைப்பிரஸ் காகமும் உன் வீடியோ கசட்டும்

மகனுக்கு,

நான் சுகம், நீ சுகமோ என்று கேட்டுத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. நீ சுகமாய்த்தான் இருப்பாய். கர்க்லாண்டில் புது வீடு, வாசலிலே கார், வரவேற்பறையிலே அரைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ரிவி. இதற்குள் சுகத்துக்கு என்ன குறை? சனிக்கிழமை உன் வீட்டிலிருந்து ஒருத்தருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறி சென்ட் லோரன்டிலே எங்கள் பழைய வீட்டுக்கு நான் வந்து சேர்ந்ததிலிருந்து நீ ஓயாமல் போன் எடுக்கிறாய். "அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது? ஏன் கோவிச்சுக்கொண்டு போனீங்கள்?" என்கிறாய். நான் வாயைத் திறந்தால், "சரி சரி, விடுங்கோ, பேந்து கதைப்பம்" என்று வைத்துவிடுகிறாய். போனிலே உன்னை என்னால் வெல்ல ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குள்ளே நீ குறுக்கே கதைக்க முடியாது, பார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சைப்பிரஸ் சுற்றுலாவிலே நீ பிடித்த அந்த வீடியோ கசட். அது என் கைக்கு வரும்வரை உன் வாசற்படி மிதிக்கமாட்டேன். எனக்கென்று நிலவறையிலே பெயின்ற் அடித்து வைத்திருக்கிறாயே ஒரு அறை, அதை யாருக்காவது வாடகைக்கு விடு. சனிக்கிழமை என்ன நாள்? அப்பா போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசம் என்று நீ சனத்தைக் கூப்பிட்ட நாள். மண்டபத்திலே சாப்பாடு முடிந்து, நெருங்கின சனமெல்லாம் உன் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார்கள். திவச வீட்டிலே நாலு பேர் செத்தவரைப் பற்றிக் கதைப்பார்கள் என்று நான் ஒரு மூலையிலே இருந்தேன். நீ எழும்பிப் போய் ரிவியிலே சுற்றுலாக் கசட்டைப் போட்டாய். கடல் வந்தது, மலை வந்தது, பிறகு நான் வந்தேன். ஒரு தேவாலயத்து மதிலிலே காகத்துக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, "வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ" என்கிறேன். வீடே சிரித்தது. லவாலிலிருந்து வந்த என் தம்பி, உன் மாமன், "அக்கா காகத்துக்கும் மரியாதை குடுத்தெல்லோ கதைக்கிறா!" என்றான். நீ விட்டாயா? "அங்கத்தைக் காகத்துக்குத் தமிழ் படிப்பிச்சிட்டுத்தான் அம்மா பிளேன் ஏறினவ" என்றாய். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இந்தக் கடிதத்தையும் அதே சனத்தைக் கூப்பிட்டு இருத்தி வாசித்துக் காட்டு. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இப்படிக் கடிதம் எழுதுகிற தாய் தகப்பன்மார் நடுவிலே தங்கள் பிழைகளையும் ஒத்துக்கொண்டு கண்ணீர் விடுவார்களாம். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. இதிலே பிழை முழுக்க உன்னுடையது.

நீ உன் சனத்துக்குச் சொன்ன சுற்றுலாக் கதை வேறு, நடந்தது வேறு. உன் வேலையிடத்திலே யாரோ போய்வந்து புளுகினார்கள் என்று ஒரு மினுங்கல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியிலே போட்டாய். ஒரு கிழமை, மத்தியதரைக் கடல் தீவு, கலையும் இயற்கையும். சுகந்தியும் பக்கத்திலே வந்திருந்து, "மாமி, உங்களுக்கும் ஒரு மாற்றம் வேணும்" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், மருமகள் நல்ல மனத்தோடுதான் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் படத்தைப் பார்த்தீர்கள். நான் திகதியைப் பார்த்தேன். "தம்பி, பங்குனி அபரபக்க நவமி இதுக்குள்ளை வருது. அப்பான்ர திதியெல்லோ" என்றேன். "அம்மா, அப்பா செத்த இங்கிலீஸ் திகதிக்குக் கிட்ட வாற சனிக்கிழமைக்கு மண்டபம் எடுத்தாச்சு. ஐயரும் ஓமெண்டிட்டார். சனத்துக்கும் அதுதான் வசதி" என்றாய். இந்த ஊரிலே எங்கள் ஆட்கள் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குள் தள்ளி அடைத்துவிட்டார்கள். செய்யட்டும், அது உயிரோடு இருக்கிறவர்களின் வசதி. செத்தவருக்கு என்ன மண்டபம், என்ன வசதி? பூரணை கழிந்து ஒன்பதாம் நாள், ஒரு நவமியிலே போனார். நவமியிலேதான் வருவார். மண்டபம் கிடைக்கேல்லை, பேந்து வாங்கோ என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது? நீ போவாயா?

பிறகேன் வந்தனீங்கள் என்று கேட்பாய். கொள்ளி வைத்த பிள்ளை எங்கேயோ அங்கேதான் திவசம். எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன். நீ தீவுக்குப் போனால் திவசமும் தீவுக்குத்தான் போகவேண்டும், நான் இங்கே தனியே கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து என்ன செய்ய? ஒரு சின்னப் போத்தலிலே எள்ளும், ஒரு கடதாசியிலே சுற்றித் தர்ப்பையும் கைப்பைக்குள் வைத்தேன். தீவென்றால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கரையிலே நின்று ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட எவ்வளவு நேரம் எடுக்கும்? என் பிள்ளை அந்த நேரத்தைத் தருவான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் பங்குனி உத்தரத்துக்குக் கோயிலுக்குப் போய்வந்த கையோடு பிளேன் ஏறினேன். மொன்றியலில் றோட்டோரம் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடந்தது.

தீவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மொன்றியல் பிரெஞ்சுக் கிழவர் கிழவிகள் ஒரு பஸ் நிறைய, அவர்களுக்குப் பிரெஞ்சிலே விளக்கம் சொல்ல எலேனி என்று ஒரு வழிகாட்டிப் பெண், நடுவிலே நாங்கள் மூன்று பேர். லார்ணக்கா உப்பு ஏரியிலே பூநாரைகளைக் கண்டவுடன் பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். மன்னாரிலே சும்மா நிற்கிற பூநாரை. பாபோஸிலே பழைய ரோமாபுரிப் பணக்காரர்களின் வீட்டுத் தரை பார்த்தோம், சின்னச் சின்னக் கல்லாய்ப் பதித்து மயிலும் வேட்டைக்காரனும் செய்திருந்தார்கள். வடிவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அங்கேயும் நீ, "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ." கடற்கரையிலேயும், "அம்மா, சிரியுங்கோ." கரோப் மரத்துக் கறுத்தக் காயை எலேனி தந்து நான் கடித்துப் பார்க்கும்போதும், "இஞ்சை பாத்துச் சிரியுங்கோ." கமரா உன் முகத்திலே முளைத்ததுபோல் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க உன் கண்ணை நான் காணவில்லை.

மலை ஏறுகிற வழியிலே எலேனி பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னாள். புல்லுக்குள்ளே விரல் உயரத்துக்கு ஒரு காட்டு ஓர்க்கிட் பூ, பூவிலே தேனீ இருந்ததுபோல ஒரு வேலைப்பாடு. அந்தப் பூவுக்காகக் கிழவர்கள் வயிற்றை மண்ணிலே வைத்துப் படுத்துப் படம் எடுத்தார்கள். நீயும் படுத்தாய். ஒரு பூவுக்காக அரை மணித்தியாலம் பஸ் நின்றது. இதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கமாட்டேன்.

அதற்கு முதல் நாள் நிக்கோசியாவிலே நடந்ததும் எனக்கு ஞாபகம். நகரத்தைக் குறுக்கே வெட்டி ஒரு எல்லை. மண்மூட்டை, தகரப் பீப்பாய், முள்ளுக்கம்பி, காவலுக்கு ஒரு சிப்பாய். கடையும் சனமுமாய்ப் போகிற தெரு அந்த இடத்திலே முடிகிறது. சிப்பாய் ஒரு விரலை ஆட்டினான். நீ உடனே கமராவை இறக்கிச் சட்டைக்குள்ளே மறைத்தாய். பஸ்ஸிலே இருந்த பிரெஞ்சுக்காரர் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், நீ ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மண்மூட்டையைக் கண்டால் கை தானாகக் கீழே வரும், அதை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் துவக்கு வைத்திருக்கிறவன் விரலை ஆட்டினால் இறங்குகிற கமரா, பெற்றவள் கையெடுத்துக் கும்பிட்டாலும் இறங்காதா?

ஞாயிற்றுக்கிழமை மலைக்கிராமத்து விடுதியிலே விடிந்தது. பல்கனியிலே நின்று பார்த்தேன், விடிந்த வானத்திலே வெள்ளையாய்ப் பாதி நிலவு. நாள்காட்டி தேவையில்லை, நவமி. வேலைநாள் கூட இல்லை பார், உனக்கு வசதியாய் ஞாயிற்றுக்கிழமையிலேயே அப்பா வந்து நிற்கிறார். சாப்பாட்டு மண்டபத்திலே உன்னிடம் வந்தேன்.

"தம்பி, இண்டைக்கு நவமி. ஒரு வாய் சாப்பிடாமல் வா. கீழை ஆறு ஓடுது, எள்ளு என்னட்டை இருக்கு."

"ஐயோ அம்மா, பஸ் வெளிக்கிடப்போகுது. ஐயரும் இல்லை, எனக்கு மந்திரமும் தெரியாது. சனிக்கிழமை வடிவாச் செய்வம்."

"மந்திரம் வேண்டாம். அப்பான்ர பேரைச் சொல்லி விடு, காணும். நான் அவற்ர பேரைச் சொல்ல ஏலாது. நீதான் சொல்லவேணும்."

"எல்லாரும் பாக்கினம் அம்மா. விசர்க்கதை கதைக்காதேங்கோ."

பாணுக்குப் பட்டர் பூசினாய். அந்தக் கத்தி கோப்பையிலே பட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள்ளே இருக்கிறது. சுகந்தி, "போட்டு வாங்கோவன், நான் பஸ்ஸை மறிக்கிறன்" என்றாள். அவளையும் ஒரு பார்வையாலே அடக்கினாய். பூவுக்கு நின்ற பஸ் உன்னைப் பெற்றவருக்கு நிற்காதென்று நீயே முடிவு கட்டினாய். சாரதியைக் கேட்டாயா? எலேனியைக் கேட்டாயா? கேட்டிருந்தால் அவர்கள் ஓமென்றிருப்பார்கள், அதுதான் உனக்குப் பயம்.

பஸ் போய் நின்ற இடத்தைப் பார். ஒரு சின்னத் தேவாலயம், உள்ளே சுவர் முழுக்க மெழுகுதிரிப் புகை பிடித்த பழைய சித்திரங்கள். பூசை முடிந்து சனம் வெளியே வருகிறது. கறுப்புச் சட்டையும் கறுப்புத் தலைத்துண்டுமாய் என் வயசு மனுசி ஒருத்தி, முற்றத்திலே நின்று வருகிறவர்கள் கையிலே கடதாசிப் பை ஒன்றைக் கொடுக்கிறாள். எனக்கும் தந்தாள். பிரித்துப் பார்த்தேன். அவித்த கோதுமை, மாதுளை முத்து, பாதாம், எள்ளு. எலேனி பிரெஞ்சிலே விளக்கம் சொல்லத் தொடங்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. இந்த எள்ளு யாருக்கென்று எனக்குப் பாடம் எடுக்கவேண்டுமா? அவளுடைய மனுசன் செத்து வருசம் முடிகிறதாம். அவளுக்கு என் பாசை தெரியாது, எனக்கு அவள் பாசை தெரியாது. என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், இன்னொரு பையும் எடுத்துத் தந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது நீ வந்து சொன்னாய், "பாத்தீங்களே அம்மா, இவையும் வசதியான ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தித்தான் செய்யிறவையாம். கைட் சொல்லுறா." அந்த இடத்திலே உன் கன்னத்திலே ஒன்று போடாமல் விட்டது அது கோயில் முற்றம் என்பதால்தான்.

அதற்குப் பிறகுதான் பின்பக்கத்து மதிலுக்குப் போனேன். ஒலிவ் மரத்திலே ஒரு காகம் இருந்தது. எங்கள் காகம் இல்லை. தலையும் செட்டையும் கறுப்பு, உடம்பு சாம்பல். தொழிற்சாலைக்கு அப்பா போட்டுக்கொண்டு போன சேர்ட்டும் அதே சாம்பல். எத்தனை தரம் தோய்த்திருப்பேன், எனக்குத் தெரியாத நிறமா? கோதுமையை மதிலிலே வைத்தேன். எள்ளும் தண்ணீரும் விடுகிறது பிள்ளையின் வேலை, அதை நான் தொடவில்லை. சாப்பாடு வைக்கிறது என்னுடைய வேலை. காகம் இறங்கி வந்து தள்ளி நின்று தலையைச் சரித்துப் பார்த்தது. வாயிலே தானாக வந்தது, "வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ."

இனிக் கவனமாய் வாசி. சிரித்த சனத்துக்கும் வாசித்துக் காட்டு. அவர் பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து "இஞ்சேருங்கோ" என்றுகூடக் கூப்பிட்டதில்லை; "வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ" என்பதுதான் நான் அவரைக் கூப்பிட்ட விதம். சென்ட் லோரன்டிலே தொழிற்சாலை விட்டு வந்து, படியிலே சப்பாத்துப் பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டவுடன் குசினியிலிருந்து சொல்வேன். சண்டை பிடித்துக் கதைக்காமல் இருக்கிற நாளிலும் அதை மட்டும் சொல்வேன். ஆஸ்பத்திரியிலே ஒரு வாய் கஞ்சியும் இறங்காது என்று டொக்டர் சொன்ன பிறகும் கோப்பையோடு போய்ச் சொன்னேன். எனக்கும் அவருக்கும் நடுவிலே இருந்தது இந்தச் சொல்தான். இதைத்தான் நீ பலகாரத்தோடு சேர்த்துச் சனத்துக்குப் பரிமாறினாய்.

இது உன் பழைய குணம். இங்கே வந்த புதிதிலே பள்ளிக்கூடத்துக்கு நீ சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போன நாள் ஞாபகம் இருக்கா? அப்பா இரவு வேலை முடிந்து வந்த களைப்போடு, பனிக்குள்ளே அதைக் கொண்டு ஓடினார். காது மூடுகிற குரங்குத் தொப்பி, அதற்கு மேலே என்னுடைய கம்பளித் துண்டு. உன்னோடு நின்ற பிள்ளைகள் அவரைக் காட்டிச் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். பெட்டியை அவர் கையாலே வாங்காமல், "அதிலை வையுங்கோ" என்று படியைக் காட்டினாய். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது, "பெடியன் சிநேகிதரோடை சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். இனி அவனுக்கு இந்த ஊர் பிடிபட்டிடும்." அவருக்கு அவ்வளவு காணும். எனக்குக் காணாது. அன்று பின்னேரம் சாப்பிட வந்த நீ தட்டிலே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாய். கேட்டதற்கு உறைப்பென்றாய். அன்றைக்கு வைத்தது மிளகாய் போடாத பால்கறி.

இப்போது சனிக்கிழமைக்கு வா. எல்லாரும் காகத்தைப் பார்த்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, எனக்கு என் காகத்தைத் தெரியும். நான் கசட்டின் சத்தத்தைக் கேட்டேன். "வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ" என்று நான் சொன்னவுடன் படம் ஆடியது. மதிலும் மரமும் நானும் எல்லாம் சேர்ந்து ஆடினோம். சனம் சிரித்த சிரிப்புக்கு அடியிலே, கசட்டுக்குள்ளே, கமராவுக்குப் பின்னாலே ஒருத்தன் மூக்கை உறிஞ்சினான். பிறகு அடக்க ஏலாமல், "அப்பா" என்றான். உடனே நீ பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தாய். குறைத்துக்கொண்டே சொன்னாய், காகத்துக்குத் தமிழ் படிப்பித்த பகிடியை. குசினி வாசலிலே தேத்தண்ணித் தட்டோடு நின்ற சுகந்தி சிரிக்கவில்லை. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அதுதான் எனக்கு ஆறாத கோபம். நீ கல்லாய் இருந்திருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பேன். நீ கல் இல்லை. அன்று காலை ஆற்றங்கரைக்கு வராதவன், தாய்க்குத் தெரியாமல் கமராவுக்குப் பின்னாலே ஒளித்து நின்று தகப்பனுக்காக அழுதிருக்கிறாய். அந்த அழுகையை நாலு பேர் காதிலே விழவிடக்கூடாதென்று, பெற்ற தாயைச் சிரிக்கக் கொடுத்துவிட்டாய். உனக்கென்ன வெட்கம்? தகப்பனுக்கு அழுகிறது களவா?

ஆகவே கசட்டைக் கொண்டு வா. அதற்கு மேலே எதையாவது பதிந்தாய் என்றால் என்னைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வா. ஆடி அமாவாசை இந்த முறை வேலைநாளிலே வருகிறது, பார்த்துவிட்டேன். லீவு எடு. சனம் வேண்டாம், மண்டபம் வேண்டாம், கமரா வேண்டவே வேண்டாம். எள்ளுப் போத்தல் திறக்காமல் என் கைப்பைக்குள்ளேயே இருக்கிறது. லவால் பாலத்தடியிலே ஆறு ஓடுகிறது, அதற்கு மண்டபம்போல் பதிவு செய்யத் தேவையில்லை. சனிக்கிழமை ஐயர் அப்பாவின் பேரைக் கேட்டபோது, வாசலிலே வந்த ஆட்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டு வாய்க்குள்ளே முணுமுணுத்தாய். பக்கத்திலே இருந்த எனக்கே கேட்கவில்லை. ஆற்றங்கரையிலே உரத்துச் சொல்லவேண்டும். பாலத்திலே போகிறவன் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும், நீ அழுதால் அழு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன். அவர் போனதிலிருந்து அந்தப் பேரைச் சொல்லி இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. என் வாயாலே சொல்ல ஏலாது. காதாலே கேட்கலாம்தானே.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனுசி